எட்டுப் போத்தல் பெற்றோல்

நோபேட்டின் வேலை றீல் கொண்டு ஓடுவது. கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரும் வெள்ளவத்தையில் ஒரு தியேட்டரும் ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்தன. இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ப் படத்துக்கு அவர் எடுப்பது ஒரே ஒரு பிரதி. கொட்டாஞ்சேனையில் இரண்டு மணிக்குப் படம் தொடங்கும், வெள்ளவத்தையில் மூன்றேகாலுக்கு. இங்கே ஓடி முடிந்த றீல்களைத் தகரப் பேணிகளில் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, அங்கே இருட்டில் உட்கார்ந்திருக்கும் சனம் சீழ்க்கை அடிக்கத் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும். ஆறு மைல். இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை.

அந்த ஆறு மைலை அவன் பன்னிரண்டு நிமிடத்தில் ஓடிய நாட்கள் உண்டு. யுத்தத்துக்கு முன்னர் அவனை அந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்தது அந்த வேகத்தால்தான். ஞாயிறு காலைகளில் இரண்டு சிநேகிதர்களோடு காலிமுகத்திடலுக்குப் போய், கடற்கரை வீதியின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம்வரை யார் முந்துவது என்று பார்ப்பார்கள். மனைவி மெற்றில்டாவுக்கு அது பிடிக்காது. ஆனாலும் பூசைக்கு நேரத்துக்கு வந்துவிடுகிறான் என்பதால் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

1942ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்றும் அப்படித்தான் விடியற்காலையில் கிளம்பினான். "எட்டு மணிப் பூசைக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவன், வெளிக்கிட்டு நில்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏழரை மணியளவில் ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தன. முதல் குண்டு துறைமுகப் பக்கம் விழுந்தபோது நோபேட் திடலில் நின்றிருந்தான். கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்கு மேலே உள்ள மேடு. அவன் வீடு அங்கே இருந்தது, மெற்றில்டா அங்கே இருந்தாள். அவனுடைய கை என்ன செய்தது என்றால், வண்டியை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தெற்கே திருப்பியது. முறுக்கக்கூடிய மட்டும் முறுக்கி, காலி வீதியில் விட்டான்.

மத்தியானம்தான் வீடு திரும்பினான். தெருவில் ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஐறீன் அப்போதுதான் தன் பிள்ளைகளோடு கோயில் நிலவறையிலிருந்து திரும்பியிருந்தாள். அவனைக் கண்டதும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"எங்க போயிருந்தீங்க? எல்லாரும் ஓடினம். நான் கையைப் பிடிச்சு இழுத்தன், அவ வரமாட்டன் எண்டுட்டா. 'அவர் வாறன் எண்டவர், நான் போனா என்னைத் தேடுவார்' எண்டு வாசல்லயே நிண்டவ. முழு நேரமும் நிண்டவ."

மெற்றில்டா உள்ளே வெள்ளை முக்காட்டோடு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காயம் ஒன்றும் இல்லை. நோபேட், "ரோட்டை மறிச்சுப்போட்டாங்கள், விடேல்ல" என்றான். அவள் நம்பினாள். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐந்து கிழமை கழித்துக் கோயில் திருவிழாவுக்கு, தெற்கே ஏழெட்டு மைல் தள்ளி இருந்த கல்கிசையிலிருந்து ஒரு தையற்காரர் வந்திருந்தார். மெற்றில்டாவின் முன்னாலேயே நோபேட்டின் தோளைத் தட்டி, "அண்டைக்குக் குண்டு விழுந்த நேரம் எங்கட கடையில தண்ணி வாங்கிக் குடிச்சது நீங்கதானே? கை என்ன நடுக்கம் நடுங்கினது!" என்று சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெற்றில்டா சொன்னாள்: "பயந்ததைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல மாட்டன். எனக்கும் பயம்தான். ஆனா ரோட்டை மறிச்சவங்கள் எண்டு சொன்னீங்களே. நான் ஒரு மாசம் அதை ஐறீனுக்கும் சொல்லி, அவளோட சண்டையும் பிடிச்சன்."

இரண்டு நாளில் அவளுடைய தம்பி றேமண்ட் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் குளியாப்பிட்டிக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தான். அந்த நாட்களில் கொழும்பிலிருந்து எத்தனையோ பேர் பெண்களையும் பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அயலவர் யாரும் எதையும் கேட்கவில்லை. நோபேட் நான்கு கடிதம் எழுதினான். ஒன்றுக்கு மட்டும் றேமண்டிடமிருந்து பதில் வந்தது. அக்கா சுகமாயிருக்கிறா, இங்கே நல்ல மழை, என்று இரண்டு வரி.

அதன் பிறகு அவன் வாழ்க்கை மிகச் சிறியதாகிவிட்டது. காலையில் பேக்கரிப் பாண், சம்பல். பதினொரு மணிக்குத் தியேட்டர். முன்னிரவில் வீடு. இருட்டடிப்புக்காகக் கறுப்புத் துணி தொங்கவிட்ட ஜன்னல்களை அவன் பகலிலும் திறப்பதை விட்டுவிட்டான். சமையலறையில் மெற்றில்டாவின் சட்டிகள் அவள் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. ஐறீன் சில நாள் கறி கொண்டுவந்து தருவாள். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவாள், உள்ளே வரமாட்டாள். பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனபோது, ஒரு நாள் முழுவதும் "றீல் வந்திட்டுது", "றீல் தாங்க" என்ற இரண்டு வசனத்துக்கு மேல் தான் எதையும் பேசவில்லை என்று படுக்கும்போது கண்டுபிடித்தான். அடுத்த நாளும் அப்படியே.

குளியாப்பிட்டித் தோட்டம் ஐம்பத்திரண்டு மைல். படம் மாறும் நாள் ஒன்றுதான் அவனுக்கு ஓய்வு. அது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. பஸ்ஸில் போனால் அன்றே திரும்ப வழியில்லை. மோட்டார் சைக்கிளில் போகலாம், ஆனால் பெற்றோல் பங்கீட்டில். வண்டி வைத்திருந்தாலும் தனி மனிதனுக்கு ஒரு துளியும் கிடைக்காது. தியேட்டருக்குப் பேமிற்றில், அதாவது அரசாங்க அனுமதிச் சீட்டில், கிடைக்கும் பெற்றோலில்தான் அவன் ஓடினான்.

1943 தையில் அதையும் குறைத்தார்கள். வெள்ளவத்தைத் தியேட்டரின் மனேஜர் பூபாலசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், நேராகப் பேசுகிற மனிதர். நோபேட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இனிக் கிழமைக்கு இவ்வளவுதான் வரும். இப்ப நீர் ஓடுற ஓட்டத்துக்கு இது வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடும். சனி ஞாயிறுதான் எங்களுக்குச் சனம் வாறது. என்ன செய்யப் போறீர்?"

"சமாளிக்கப் பாக்கிறன், சேர்." பிறகு வாசலில் நின்று கேட்டான்: "சேர், நான் மிச்சம் பிடிச்சா?"

"மிச்சமோ?" பூபாலசிங்கம் சிரித்தார். "ஞாயிறு பின்னேரம் கடைசி றீலும் வந்து சேர்ந்தாப் பிறகு தாங்கியில மிச்சம் கிடந்தா அது உம்மட. கொண்டுபோய்க் குடியும்."

அவர் விளையாட்டாகச் சொன்ன சொல்லை நோபேட் எழுதிக் கையில் கொடுத்ததுபோல எடுத்துக்கொண்டான்.

முதலில் அவன் செய்தது ஓட்டத்தின் எண்ணிக்கையைக் குறைத்தது. கொட்டாஞ்சேனைக் காட்சியை அரைமணி முந்தி ஒன்றரைக்குத் தொடங்கச் செய்தால் ஒரே தடவையில் கூடுதலான றீல் கொண்டுபோகலாம். ஐந்து ஓட்டம் மூன்றாகும். பூபாலசிங்கம் முதலாளியிடம் பேசி அதைச் செய்வித்தார். மரப்பெட்டியைக் கழற்றி எறிந்தான். அதன் பாரம் மட்டும் ஒரு சிறு மூட்டை அரிசி அளவு இருந்தது. தடித்த படங்குத் துணியில் இரண்டு பைகள் தைப்பித்துப் பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கவிட்டான். டயர்களுக்குக் கல்லுப்போலக் காற்று அடித்தான். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, சூடாக்கிய கொழுப்பில் போட்டெடுத்தான். இதற்கெல்லாம் முன்பு அவன் பொறுமைப்பட்டதே இல்லை. இப்போது அவனுக்குக் காலைகள் நீளமாக இருந்தன.

கடினமாக இருந்தது கையைப் பழக்குவதுதான். பத்து வருடமாக முறுக்கிப் பழகிய கை. கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து துறைமுகம்வரை இறக்கம். என்ஜினை நிறுத்திவிட்டு உருண்டே வரலாம் என்று கண்டான். கோட்டைச் சந்தியில் பொலிஸ்காரன் கை காட்டி மறித்தால், நின்று மறுபடி கிளம்புவதற்கு ஆகும் பெற்றோலில் அரை மைல் ஓடலாம் என்று கண்டான். ஆகவே தூரத்திலிருந்தே பொலிஸ்காரனின் தோளைப் பார்த்து, கை இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருமாறு முன்கூட்டியே வேகத்தைத் தளர்த்தினான். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எரித்த பெற்றோலை வீதியில் கொட்டுவதுபோல அவனுக்குப் பட்டது. காலிமுகத்திடலில் தென்மேல் காற்று நெஞ்சில் வந்து மோதும். அங்கே தாங்கியின்மேல் குனிந்து படுத்துக்கொள்வான். பட்டாளத்து லொறி ஒன்று முன்னால் போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வான். அந்த மறைவில் காற்றே இருக்காது, என்ஜினின் சத்தமே மாறிவிடும். லொறியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இவனைப் பார்த்து ஏதோ கத்துவார்கள். இவன் கை அசைப்பான். சில நாட்களில் வேறொரு மனிதனோடு அவனுக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

இரண்டாம் கிழமையில் ஒரு நாள் நான்கு நிமிடம் பிந்திவிட்டான். வெள்ளவத்தைத் தியேட்டருக்குள் கதிரைகளை உதைத்துக் கூச்சல் போட்டார்கள். பூபாலசிங்கம் வாசலில் நின்றார்.

"மிச்சம் பிடிக்கிற ஆசையில தியேட்டரைக் கொளுத்த வைக்கப் போறீரோ?"

"இனிப் பிந்தாது, சேர்."

பிந்தவில்லை. மெதுவாக ஓடுவது என்றால் ஊர்வது அல்ல, நிற்காமல் ஓடுவது என்று அந்தக் கிழமை அவனுக்கு விளங்கியது. மணிக்கு இருபத்தெட்டு மைல் வேகத்தில், ஒரே சீராக, எங்கேயும் நிற்காமல் வந்தால் பதின்மூன்று நிமிடத்தில் வந்துவிடலாம்.

மாசி முடிவில் பெற்றோல் சனிக்கிழமைவரை வந்தது. பங்குனியில் ஞாயிறுவரை வந்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமையில், கடைசி றீலையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தாங்கியிலிருந்து வடித்துப் பார்த்தபோது முக்கால் போத்தல் இருந்தது. ஒரு கலனுக்கு ஆறு போத்தல். அவன் வண்டி அப்போது கலனுக்கு எழுபது மைல் ஓடியது. தோட்டத்துக்குப் போய்வர ஒன்பது போத்தல் வேண்டும். அந்த முக்கால் போத்தலைத் தகரம் ஒன்றில் ஊற்றிச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் ஒரு மாதம் கழித்துத் தகரத்தைத் தூக்கியபோது அது இருக்க வேண்டிய பாரத்தில் இல்லை. மூடி இறுக்கமில்லாமல் சூட்டில் பாதி ஆவியாகிப் போயிருந்தது. வீடு முழுக்க மணந்தும் அவனுக்குத் தெரியவில்லை, மணத்துக்குப் பழகிப்போயிருந்தான். ஐறீன்தான் கறிக் கோப்பையோடு வந்து மூக்கைச் சுளித்தாள்.

"இதென்ன, வீட்டுக்குள்ள பெற்றோல் வைச்சிருக்கிறீங்களா? ஒரு நெருப்புக்குச்சி காணும், நாங்க எல்லாரும் போறதுக்கு."

"மெற்றில்டாவைப் பாக்கப் போறதுக்குச் சேர்க்கிறன்."

ஐறீன் கோப்பையை வைத்துவிட்டு நின்றாள். பிறகு, "போத்தல்ல ஊத்தித் தக்கை அடிச்சு மெழுகு வையுங்க. கிணத்தடிப் பத்தைக்குள்ள வையுங்க, அங்க குளிர்" என்றாள். அன்று மாலை அவளே ஐந்து வெற்றுப் போத்தல் கொண்டுவந்து மதிலுக்கு மேலால் நீட்டினாள்.

ஆனியில் இன்னொரு இடி விழுந்தது. பூபாலசிங்கம் கூப்பிட்டு, "நீர் இப்ப நல்லாச் சமாளிக்கிறீர். மேலிடத்தில கேட்கினம், கொட்டாஞ்சேனைத் தியேட்டர் ஜெனரேற்றருக்குப் பெற்றோல் காணாதாம். உம்மட பங்கில கால்வாசியை அங்க குடுக்கப் போறன்" என்றார்.

நோபேட் மேசைக்குக் கிட்ட வந்தான். "சேர், மிச்சம் என்ட எண்டு சொன்னனீங்கள்."

"மிச்சம் உம்மடதான். அதில கை வைக்கேல்லையே. பங்குதான் குறையுது." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "ஏன், விக்கிறீரோ?"

"இல்ல சேர். குளியாப்பிட்டிக்குப் போக வேணும். மனிசி அங்க."

பூபாலசிங்கம் மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கினார். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். அது உண்மையாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை நோபேட் புதுக்கடைப் பகுதியில் இருந்த ராசிக் நானாவின் கராஜுக்குப் போனான். ராசிக் நானாவுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முன்பு வேகத்துக்காக வண்டியைத் திருத்தியவர் அவர்தான்.

"காபரேற்றருக்குள்ள பெற்றோல் விடுற ஜெற்றைச் சின்னதாக்க வேணும், நானா. ஓட்டையை ஈயத்தால அடைச்சு மெல்லிசா இன்னொண்டு துளைச்சாப் பெற்றோல் குறையும்தானே?"

"கொறயும். அதோட வால்வும் கருகும். பெற்றோல் கொறஞ்சா என்ஜினுக்குள்ள சூடு ஏறும், தெரியாதா ஒங்களுக்கு?" ராசிக் நானா வண்டியைச் சுற்றி நடந்தார். "இப்ப எவ்வளவு தொறக்கிறீங்க?"

நோபேட் கையைக் காட்டினான். கால்வாசி முறுக்கு.

"அவ்வளவுதானா? நீங்களா?" நானா நம்பாமல் பார்த்தார். "அப்ப பெரிய ஜெற்றுக்கு வேலயே இல்லயே. அத விடுங்க. கால்வாசியில ஓடக்குள்ள பெற்றோல அளந்து விடுறது இந்த ஊசிதான். இத ஒரு வெட்டுக் கீழ எறக்குவம். என்ஜின் பக்கத்துப் பல்லுச் சக்கரத்தயும் மாத்துவம், ரெண்டு பல்லுக் கூட. அப்ப அதே ஓட்டத்துக்கு என்ஜின் கொறயச் சுத்தும். மேடு ஏறக்குள்ள மட்டும் அழும். கொட்டாஞ்சேன மேட்டுல எறங்கித் தள்ள வேண்டி வந்தா என்னய ஏசாதீங்க."

பல்லுச் சக்கரம் பழைய சாமான் கடையொன்றில் உடைந்துபோன வண்டி ஒன்றிலிருந்து கிடைத்தது. இரண்டையும் மாற்றி, நெருப்புப்பொறியின் நேரத்தையும் சற்று முந்தவைத்து, இருவரும் அரைப் போத்தல் ஊற்றி ஓடிப் பார்த்தார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து மைலை எண்ணி ராசிக் நானா கணக்குப் பார்த்தார்.

"கலனுக்கு எண்பத்தஞ்சு மைலுக்குக் கிட்ட. இதுக்கு மேல ஆசப்படாதீங்க."

உண்மையில் மேட்டில் வண்டி அழுதது. சில நாட்களில் நோபேட் இறங்கி, ஓடும் வண்டியின் பக்கத்தில் தானும் ஓடினான். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். முன்பு அவனைப் பார்த்து வாய் பிளந்த அதே ஆட்கள்தான். ஆனால் பங்கில் கால்வாசி வெட்டியும் கிழமைக்கு அரைப் போத்தல், சில கிழமை முக்கால் போத்தல், மிஞ்சியது. புரட்டாதி பிறந்தபோது கிணற்றடிச் செடிப் பத்தைக்குள் மெழுகு வைத்த எட்டுப் போத்தல் இருந்தது. புதிய கணக்கில் போய்வர அது போதும்.

அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை படம் மாறியது. புதிய படம் புதன் பத்து மணிக்குத்தான் துறைமுகத்திலிருந்து வரும். நோபேட் விடியும்போது கிளம்பினான். விக்டோரியாப் பாலத்தில் பட்டாளத்துக்காரர் மறித்துப் பேமிற்றைப் பார்த்தார்கள். இந்தப் பெற்றோல் தியேட்டர் அவனுடைய சொந்தப் பயன்பாட்டுக்கு விட்டது என்று பூபாலசிங்கம் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றைக் காட்டினான். அவன் கேளாமலே அவர் முதல் நாள் எழுதிக் கொடுத்தது அது.

மினுவாங்கொடைக்கு அப்பால் வீதி வெறுமையாக இருந்தது. நேரான, பள்ளமில்லாத வீதி. முன்பென்றால் அவன் முறுக்கி விட்டிருக்கக்கூடிய வீதி. கை தினவெடுத்தது. அவன் இருபத்தெட்டிலேயே வைத்துக்கொண்டான். இறக்கங்களில் என்ஜினை நிறுத்தினான். அப்போது தென்னோலை உரசுவதும், தூரத்தில் யாரோ தேங்காய் உரிக்கும் சத்தமும் கேட்டன. என்ன பேசுவது என்று யோசிக்க நேரம் நிறைய இருந்தது. யோசித்ததில் ஒன்றும் நிலைக்கவில்லை. திவுலப்பிட்டியில் என்ஜின் சூடேறிக் காபரேற்றர் தும்மத் தொடங்கியது. மர நிழலில் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தான். கொண்டுவந்த பாணைத் தின்ன மனம் வரவில்லை.

தோட்டத்துப் பாதை இறக்கம். நிறுத்திய என்ஜினோடு அவன் உருண்டு வந்தபோது மெற்றில்டா முற்றத்தில் குனிந்து, காயப்போட்ட தேங்காய்க் கொப்பரையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சக்கரம் சரளையில் நெரிபடும் சத்தத்துக்குத்தான் திரும்பினாள். கறுத்து, சற்று மெலிந்திருந்தாள்.

"எப்படி வந்தீங்க? சத்தமே கேக்கேல்ல."

"நிப்பாட்டிப்போட்டு உருண்டு வந்தனான்."

அவள் வண்டியைப் பார்த்தாள். பெட்டி இல்லாததையும் துணிப் பைகளையும் பார்த்தாள். "தம்பி தோட்டத்துக்குள்ள. இருங்க" என்று உள்ளே போய் இளநீர் கொண்டுவந்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு திரும்பவும் போய்க் கொப்பரையைப் புரட்டத் தொடங்கினாள். நோபேட் எழுந்து போய் மற்றப் பக்கத்திலிருந்து புரட்டினான். கொஞ்ச நேரம் இருவரும் அதைச் செய்தார்கள்.

அவள்தான் கேட்டாள், நிமிராமல்: "எத்தின மைல் போன பிறகு என்ட நினைவு வந்தது?"

"முதல்லயே வந்தது. வந்தும் ஓடினன்." அவன் கையிலிருந்த கொப்பரையைப் பார்த்தான். "கல்கிசை எண்டுதானே உனக்குத் தெரியும். அது இல்ல. மொறட்டுவைப் பாலம்வரைக்கும் போயிட்டன். பாலத்தில ஏறேக்கதான் கை முறுக்கை விட்டுது. தையற்காரரிட்டத் தண்ணி குடிச்சது திரும்பி வரேக்க."

மெற்றில்டா நிமிர்ந்தாள். அவன் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள்.

"இதை ஏன் சொல்றீங்க? எனக்குத் தெரியாதே."

"பிறகு ஆராவது வந்து சொல்லக்கூடாது எண்டுதான்."

அவள் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். "அண்டைக்கு எங்கட வீட்டு முன் சுவர் ஒரு சாண் ஆடினதை நான் கண்டன்" என்றாள். "ஆடி, திரும்ப நேரா நிண்டுது. இதை உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு நினைச்சன். அந்த நேரத்திலேயே நினைச்சன், அவர் வந்தாப் பிறகு இதைச் சொல்ல வேணும் எண்டு. பிறகு நீங்க வந்து ரோட்டை மறிச்ச கதை சொன்னீங்க. எனக்கு இது மறந்து போச்சு."

மத்தியானம் றேமண்ட் வந்தான். மூவரும் சோறு சாப்பிட்டார்கள். றேமண்ட் பெற்றோல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். நோபேட் ஊசியையும் பல்லுச் சக்கரத்தையும் பொலிஸ்காரனின் தோளையும் பற்றிச் சொன்னான். பல மாதத்தில் அவன் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். பேசப் பேசச் சொற்கள் பிந்திப் பிந்தி வந்தன. மெற்றில்டா கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

மூன்று மணிக்கு அவன் கிளம்பினான். கூட வா என்று அவன் கேட்கவில்லை. அவளும் வருவதாகச் சொல்லவில்லை.

"திரும்ப எப்ப?"

"இன்னும் எட்டுப் போத்தல் சேர வேணும். மூண்டு மாசம், அதுக்கு மேலயும் ஆகும்."

அவள் விரல்களை மடித்து எண்ணினாள். "அப்ப யேசு பாலன் பிறப்புக்குக் கிட்ட" என்றாள்.

மாலை இருட்டுமுன் அவன் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தான். வீட்டைத் திறந்தபோது அது காலையில் பூட்டியதைவிட வெறுமையாகப் பட்டது. அன்றைக்கு அவன் சரியாகத் தூங்கவில்லை. ஒரு நாள் பேசியதால், பேசாத நாட்கள் இன்னும் கடினமாகிவிட்டன. புதன்கிழமை புதிய படத்தின் றீல்களைத் தூக்கிக்கொண்டு காலிமுகத்திடலில் குனிந்து போகும்போது, மெற்றில்டாவுக்குச் சொல்ல வேண்டியவை என்று தலைக்குள் சேர்ந்துகொண்டே வந்தன. சொல்ல ஆள் ஐம்பத்திரண்டு மைலில் இருந்தாள்.

மார்கழியில் போனான். மழையில் போய் மழையில் வந்தான். அப்போது அவள், "கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நான் வரமாட்டன். அந்த வாசலுக்கு வரமாட்டன்" என்று தெளிவாகச் சொன்னாள். மெதுவாக ஓடுவதில் அவனுக்கு ஒரு லாபம் இருந்தது, தெருவோரம் கண்ணில் படும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாடகைக்கு என்று தொங்கிய பலகைகளைப் பார்த்துப் பார்த்துப் போனான். அடுத்த வருடம் பங்குனியில் போனபோது, கடற்கரைப் பக்கம் இரண்டு அறை வீடு ஒன்று இருப்பதாகச் சொன்னான்.

"அங்க சைரன் கேக்குமா?"

"கேக்கும்" என்றான்.

அவள் யோசித்தாள். "நான் வந்து பாக்கிறன். பஸ்ல வாறன். உங்கட வண்டியில ஏறமாட்டன்."

சித்திரையில் வந்தாள். றேமண்டோடு வந்து, வீட்டைப் பார்த்து, அடுப்படி இருட்டு என்றாள், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாள். நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். நோபேட் அந்த வீட்டை எடுத்து, குழாயைத் திருத்தி, தனியாகக் குடியிருந்தான். அந்த வருடம் அப்படியே போனது. அவள் இரண்டு தடவை வந்தாள், அவன் மூன்று தடவை போனான். ஒவ்வொரு பிரிவும் முந்தியதைவிடக் கடினமாக இருந்தது.

யுத்தம் முடிந்த 1945 ஆவணியில் மெற்றில்டா ட்ரங்குப் பெட்டியோடு வந்தாள். பெற்றோல் பங்கீடு அப்போதும் இருந்தது. நோபேட் இரண்டாம் ஓட்டத்தில் இருந்தான். வீட்டுச் சாவி அவனிடம் இருந்ததால் அவள் ஒழுங்கை முனையில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் காலி வீதியால் வரும்போது அவளைக் கண்டான். றீல்களைக் கொடுக்க ஆறு நிமிடம் இருந்தது. முதல் தடவையாக அவன் ஓர் ஓட்டத்தின் நடுவில் தானாகவே வண்டியை நிறுத்தி, சாவியைக் கொடுத்தான்.

"போங்க, சனம் கத்தும்" என்றாள்.